ஊமல் நெருப்பு

மார்கழி பிறந்து ஒன்பதாம் நாள்.
கொக்குவிலில் இரவு எட்டு மணிக்கே
கிணற்று வாளியின் பிடி சில்லிட்டிருந்தது.
ரொறன்ரோவிலிருந்து வந்த தம்பி நவரூபன்
அரைக்கைச் சட்டையோடு நின்று
"அக்கா, இதுவும் ஒரு குளிரே?" என்றான்.
நான் துவாயால் காதை மூடியிருந்தேன்.

நெருப்பு வேணும் என்றது அவன் மகள் இயலினி.
அங்கே அவர்கள் வீட்டுப் பின்புறத்தில்
கல் பதித்த குழி இருக்கிறதாம்.
பனிக்கு நடுவே சுற்றியிருந்து
ஒன்றும் பேசாமல் பார்ப்பார்களாம்.
சரி, என்றேன். இடம் மட்டும் நான் சொல்வேன்.

கிடுகு வேலிக்குப் பக்கத்தில் இல்லை.
மாமரத்துக்குக் கீழே இல்லை.
வாடை வடக்கிலிருந்து வருகிறது.
தெற்கே தேவமலரின் ஓலைக் கொட்டில்,
உள்ளே அவளுடைய ஆடு, ஈன்று ஐந்து நாள்.
வளவின் நட்டநடுவே, பயற்றங்கொடி பிடுங்கிய பாத்தியில்.
பொறி பறந்தாலும்
விழுந்து சாவதற்கு நாற்பது அடி வெறும் மண்.

கிணற்றடிச் சுண்ணாம்புக் கற்களை
ஒவ்வொன்றாய்த் தூக்கி வந்தான் நவரூபன்.
"வேண்டாம். ஈரம் குடித்த கல். சூடேறினால் வெடிக்கும்."
வெடிக்கும் என்ற சொல்லை
கொஞ்சம் உரத்துச் சொல்லிவிட்டேன் போல.
வேலிக்கு மேலால் தேவமலர் எட்டிப் பார்த்தாள்.

லொறிச் சில்லின் துருப்பிடித்த வளையம் ஒன்று கிடைத்தது.
ஊமல், பன்னாடை, காய்ந்த பூவரசங் கொப்பு.
பனியில் நெருப்புப் பிடிக்கச் சுணங்கியது.
அவன் மண்ணெண்ணெய்ப் போத்தலைச் சரித்தான்.
நான் பறித்த வேகத்தில்
என் நகம் அவன் மணிக்கட்டைக் கீறியது.
யாரும் பேசவில்லை.

தீக்காய வாட்டில் பதினொரு வருடம் எனக்கு.
போத்தல் வாய் வழியே சுவாலை
கைக்கு ஏறுவதை நான் பார்த்ததில்லை.
அது எங்கெங்கே போய் நிற்கும் என்று தெரியும்:
முழங்கை. கழுத்து மடிப்பு. காது மடல்.

பிறகு தானாகவே பற்றியது.
ஊமலின் தும்பு மயிர்
ஒவ்வொன்றாய்ச் சிவந்து சுருண்டது.
இயலினியின் நைலோன் சால்வையைக் கழற்றுவித்தேன்.
இரண்டு வாளி தண்ணீரைக் காலடியில் வைத்தேன்.
அதற்குப் பின்தான் இருந்தேன், நானும்.
நெஞ்சில் சித்திரை, முதுகில் மார்கழி.
தணலுக்குள் பனங்கிழங்கு வெடித்து மணந்தது.
நல்லாய்த்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது.

"மாமி, நெருப்புப் பட்டால்
சுட்டுக்கொண்டே இருக்குமா?"
"இல்லைப் பிள்ளை. குளிரும்."
தோல்தான் உடம்பின் போர்வை.
அது போனவர்கள் பங்குனி வெய்யிலிலும்
விசிறியை நிற்பாட்டச் சொல்லிக் கெஞ்சுவார்கள்.
அவள் கதிரையை ஒரு சாண் பின்னுக்கு இழுத்தாள்.
கொஞ்ச நேரத்தில் மறந்துபோய்
மறுபடி முன்னுக்கு வந்தாள்.

பத்தரைக்குத் தண்ணீர் ஊற்றினேன்.
கிளறினேன். இன்னும் ஊற்றினேன்.
புறங்கையை மேலே பிடித்துப் பார்த்தேன்.
வெதுவெதுப்பான சாம்பல் தேடி
விடியப்புறம் தேவமலரின் நாய் வந்து படுக்கும்.

காலை ஏழு மணி. கட்டில் ஏழில் அஞ்சலிதேவி.
இரண்டு தரம் முழுகியும் தலைமயிரில் புகை.
அவள் மூக்கை உயர்த்தினாள்.
நான் நின்றேன், மருந்துத் தட்டோடு.
"ஊமல் மணக்குது, மிஸி. கிழங்கு சுட்டனீங்களே?"

பையில் இரண்டு இருந்தது.
கருகிய தோலை
அவளுக்கு முதுகு காட்டி நின்று உரித்தேன்.
பீலியை எடுத்து, தும்பு இழுத்து,
சின்னத் துண்டாய் வாயில் வைத்தேன்.

மெதுவாய்ச் சப்பினாள்.
"சுடச்சுட எண்டால்
இன்னும் நல்லாய் இருந்திருக்கும்" என்றாள்.